பரீட்சைக்குப் பின் ஒரு வேலையும் ஒரு தங்குமிடமும்

 



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இறுதி வினாத்தாளை ஒப்படைத்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியேறும் மாணவருக்கு, பல்கலைக்கழகத்தின் வாசல் உடனே திறந்துவிடுவதில்லை. பெறுபேறு வர வேண்டும். வெட்டுப்புள்ளி வர வேண்டும். அனுமதிக் கடிதம் வர வேண்டும். நமது நாட்டில் இக்காத்திருப்பு பல மாதங்களாக, சில வேளைகளில் ஒரு வருடத்துக்கும் மேலாக நீள்கிறது. இந்த இடைவெளியில் ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் மலையகத்துப் பிள்ளைகளின் உள்ளத்தில் எழுவது இயல்பே. கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்தையும், சிறு கடை நடத்தும் தந்தையின் கடன் கொப்பியையும் கண்டு வளர்ந்த பிள்ளை, தனது விடுதிச் செலவையேனும் தானே உழைத்துக்கொள்ள விரும்புகிறது. இவ்விருப்பம் பாராட்டுக்குரியது.

வேலையும் நமது மலைகளிலேயே பருவம் பார்த்து வருகிறது. டிசம்பர் மாதப் போயாவில் ஆரம்பித்து மே மாத வெசாக் போயா வரை, நாம் பாவா ஆதம் மலை என அழைக்கும் சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர்கள் ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை நோக்கி வருகின்றனர். 1344 ஆம் ஆண்டிலே இப்னு பதூதா அவர்கள் நாடி வந்ததும் இம்மலையைத்தான். அப்பாதை நெடுகிலும் தேநீர்க் கடைகளுக்கும் தங்குமிடங்களுக்கும் ஆட்கள் தேவைப்படுவர். ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவின் வசந்தகாலம். 1873 இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியில் படகுகள் ஓடும். விக்டோரியா பூங்காவில் மலர்கள் நிறையும். சிறுவர் விளையாட்டுத் திடல்களில் இராட்டினங்களும், மட்டக் குதிரைச் சவாரியும், தின்பண்டக் கடைகளும் களைகட்டும். தலவாக்கலை, இராகலை, வெலிமடைப் பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் அங்கு வேலை தேடிச் செல்வர். வேறு சிலர் கொழும்புக்கு இரயில் ஏறிப் புறக்கோட்டைக் கடைகளை நாடுவர்.

வேலை தேடிச் செல்லும் இந்த இளைஞருக்கு அல்குர்ஆனில் ஒரு முன்மாதிரி உண்டா? உண்டு. ஸூரத்துல் கஸஸில், 22 ஆம் வசனம் தொடக்கம் 29 ஆம் வசனம் வரை அல்லாஹ் அதனை விவரிக்கிறான்.

நபி மூஸா (அலை) அவர்கள் எகிப்தை விட்டு மத்யன் நகரை நோக்கித் தனியே புறப்பட்டார்கள். அங்கு அவர்களுக்கு வீடில்லை, வேலையில்லை, உறவினரில்லை. ஒரு நீர்த்துறையை அடைந்தபோது, ஆண்கள் கூட்டமாகத் தமது கால்நடைகளுக்கு நீர் புகட்டிக் கொண்டிருந்தனர். இரு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்தவாறு ஒதுங்கி நின்றனர். தமது தந்தை வயது முதிர்ந்தவர் என்றும், இடையர்கள் அகன்ற பின்னரே தாம் நீர் புகட்ட முடியும் என்றும் அவர்கள் கூறினர். மூஸா (அலை) அவர்கள் கூலி எதுவும் பேசாமல் அவ்வாடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி, தம் இரட்சகன் இறக்கியருளும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவர் எனக் கையேந்தினார்கள். சற்று நேரத்தில் அப்பெண்களில் ஒருவர் நாணத்துடன் நடந்து வந்து, தன் தந்தை அழைப்பதாகக் கூறினார். அவ்வீட்டிலே அவர்களுக்கு வேலையும் கிடைத்தது, தங்குமிடமும் கிடைத்தது, மணவாழ்வும் கிடைத்தது.

அன்பின் இளைஞர்களே, வேலை தேடும் உங்களுக்கு இச்சம்பவத்தில் நான்கு பாடங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, வேலைக்குரிய தகைமை. அப்பெண்களில் ஒருவர் தன் தந்தையிடம் மூஸாவை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுமாறு வேண்டியபோது, கூலிக்கு அமர்த்தப்படுவோரில் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் கொண்டவரே என்று காரணம் கூறினார். இவ்விரண்டு சொற்களும் எல்லாக் காலத்துக்கும் எல்லா வேலைக்கும் போதுமானவை. வலிமை என்பது உடல் பலம் மாத்திரமன்று. எடுத்த வேலையைச் செவ்வனே செய்யும் ஆற்றலும் அதில் அடங்கும். நம்பகம் என்பது யாரும் பார்க்காத வேளையிலும் அவ்வாறே நடந்துகொள்வதாகும். வாவியில் படகு செலுத்தும் வேலை கிடைத்தால், ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கியை அணிவித்து முடிச்சைச் சரிபார்ப்பது உங்கள் அமானிதம். இராட்டினத்தில் வேலை கிடைத்தால், இருக்கையின் கொளுக்கியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அதனைச் சுழலவிடாதிருப்பது உங்கள் அமானிதம். மட்டக் குதிரையை நடத்திச் செல்வீர்களாயின், அவ்வாயில்லா ஜீவனுக்கு ஓய்வும் நீரும் கொடுப்பது உங்கள் அமானிதம். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக அறிவித்த மார்க்கமல்லவா நமது மார்க்கம்!

கூலி வேலை தமது தகுதிக்குக் குறைவு என எண்ணும் பிள்ளைகளும் உண்டு. உயர்தரம் படித்தவர் தேநீர்க் கோப்பை கழுவுவதா என்று கேட்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் தமது இளமையிலே மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததைத் தாமே எடுத்துரைத்தார்கள். நபி தாவூத் (அலை) அவர்கள் தமது கரத்தால் உழைத்தே உண்டார்கள் என்றும் சொன்னார்கள். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காகப் பரக்கத்தை வேண்டிவிட்டு, சந்தைக்குச் செல்லும் வழியை மாத்திரமே அவர்கள் கேட்டார்கள். உழைப்பில் இழிவில்லை, இரப்பதிலேயே இழிவு உண்டு.

எனினும் எல்லா வேலையும் ஹலாலான வேலை ஆகிவிடாது. நுவரெலியாவின் ஏப்ரல் மாதத்தில் குதிரைப் பந்தயமும் நடைபெறுகிறது. அதனைச் சுற்றிச் சூதாட்டமும் நடைபெறுகிறது. ஹோட்டல்களில் மதுபானப் பிரிவுகளும் இருக்கின்றன. மதுவையும் சூதையும் ஸூரத்துல் மாயிதாவின் 90 ஆம் வசனம் ஷைத்தானின் அருவருப்பான செயல்களிற் சேர்த்து விலக்கியுள்ளது. மது விடயத்தில் குடிப்பவரை மாத்திரமன்றி, பரிமாறுபவர், சுமப்பவர், விற்பவர் உட்படப் பத்துப் பேர் சாபத்துக்குள்ளாவதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எனவே ஹோட்டலில் வேலை கிடைத்தால், எந்தப் பிரிவில் என்பதை முதலிலேயே கேளுங்கள். அறைகளைத் துப்புரவு செய்தல், சமையலறை, வரவேற்பு, தோட்டம் என எத்தனையோ ஹலாலான பிரிவுகள் உள்ளன. அவற்றில் ஒன்றைப் பணிவுடன் கேட்டுப் பெறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஐவேளைத் தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் உரிய சிறிது நேரத்தையும் வேலையில் சேரும் நாளன்றே பேசிக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டவர்களில் பலர் பின்னர் தொழுகையையே விட்டுவிட்டதைக் காண்கிறோம்.

இரண்டாவது பாடம், ஒப்பந்தத்தின் தெளிவு. அப்பெரியவர் மூஸா (அலை) அவர்களிடம் எட்டு வருடங்கள் வேலை செய்ய வேண்டும் என்றும், பத்தாக நிறைவு செய்தால் அது அவரது விருப்பம் என்றும், தான் அவரைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் கூறினார். மூஸா (அலை) அவர்களும் அவ்விரு தவணைகளில் எதனை நிறைவு செய்தாலும் தம் மீது வரம்பு மீறல் இருக்கலாகாது எனக் கூறி, பேசியதற்கு அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். காலம் தெளிவு, பிரதிபலன் தெளிவு, சாட்சியும் தெளிவு. கூலியும் வேலையும் அறியப்பட்டதாக இருப்பதை நமது ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களும் கூலி ஒப்பந்தத்தின் நிபந்தனையாகக் கூறுகின்றன.

ஒரு பருவகாலத்தின் முடிவிலே ஓர் இளைஞர் பள்ளிவாசலுக்கு வந்து என் அருகில் அமர்ந்தார். மூன்று வாரங்களுக்கு மேலாக ஒரு தற்காலிகக் கடையிலே காலை முதல் நள்ளிரவு வரை நின்று உழைத்திருந்தார். சேரும்போது சம்பளத்தைக் கேட்டதற்கு, "பார்த்துத் தருகிறேன், தம்பி" என்பதே பதிலாக இருந்ததாம். இறுதி நாளில் உணவுக்கென்றும் படுக்கைக்கென்றும் கழித்துவிட்டு, ஊர் செல்லும் பஸ் கட்டணத்தைவிடச் சற்று அதிகமான தொகையே கையில் வைக்கப்பட்டது. முறையிடுவதற்கு அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. தாய்க்கு வாங்கிச் செல்ல நினைத்திருந்த கம்பளிப் போர்வையைப் பற்றிச் சொல்லும்போது மாத்திரம் அவரது குரல் தழுதழுத்தது.

அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேராதிருக்க நாட்டின் சட்டம் தருகின்ற பாதுகாப்பை அறிந்துகொள்ளுங்கள். 2021 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16 ஆகும். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலமாகவும் வாரத்துக்கு 45 மணித்தியாலமாகவும் வரையறுத்து, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவை விதிக்கிறது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் பெறும் உரிமையையும் அச்சட்டம் தருகிறது. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளத்தை 10,000 ரூபாவாக நிர்ணயித்தது. அது பின்னர் உயர்த்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா எனவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா எனவும் அறிவிக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் நூற்றுக்கு 12 உம் ஊழியர் 8 உம் செலுத்த வேண்டும். தற்காலிக ஊழியரும் இதற்கு உரித்துடையவரே. இவை மறுக்கப்படின் அருகிலுள்ள தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கட்டளையிடும்போது, சம்பளத்தை எழுதித் தருமாறு கேட்பது அவநம்பிக்கை ஆகாது. எழுத மறுப்பாராயின், நாட்சம்பளம், வேலை நேரம், உணவு, படுக்கை, கழிவு ஆகிய ஐந்தையும் இரு சாட்சிகளின் முன் பேசி, நீங்களே ஒரு கொப்பியில் திகதியுடன் குறித்து வையுங்கள்.

மூன்றாவது பாடம், தங்குமிடம். மூஸா (அலை) அவர்களை அவ்வீட்டுக்கு அழைத்த பெரியவர், அவர்களது வரலாற்றைக் கேட்டறிந்து, இனி அஞ்ச வேண்டாம் என ஆறுதல் கூறினார். அச்சமற்று உறங்கக்கூடிய இடமே தங்குமிடம். ஏப்ரலில் நுவரெலியாவில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். ஆதலால் மலிவு என்ற ஒன்றை மாத்திரம் பார்த்து ஏதோவொரு மூலையில் ஒண்டிக்கொள்ளும் நிலை ஏற்படுகிறது. வேலைக்குச் சேருமுன்னரே தங்குமிடத்தை நேரில் சென்று பாருங்கள். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். உடன் தங்குவோர் யார், அவர்களது பழக்கம் எத்தகையது, பள்ளிவாசல் எவ்வளவு தூரம், இரவு வேலை முடிந்து திரும்பும் பாதையில் வெளிச்சம் உண்டா என்பவற்றை விசாரியுங்கள். பெண் பிள்ளையாயின், தாயோ தந்தையோ நேரில் வந்து பார்க்காத இடத்தில் ஓரிரவும் தங்க வேண்டாம்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இரவுக் குளிரைத் தாங்க முடியாமல் சிலர் அறைக்குள்ளே கரி அடுப்பையோ தணல் சட்டியையோ வைத்துவிட்டு, கதவையும் யன்னலையும் இறுக அடைத்து உறங்குகின்றனர். எரியும் கரியிலிருந்து, நீங்கள் பாடசாலையில் படித்த காபனோரொட்சைட்டு வாயு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது பறித்துவிடும். உறங்கியவர் உறங்கியபடியே இறந்துபோகக்கூடும். உறங்கும்போது வீடுகளில் நெருப்பை எரியவிட வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே தடுத்துள்ளார்கள். போர்வை ஒன்று கூடுதலாகக் கொண்டு செல்லுங்கள். தணலை வெளியே வையுங்கள்.

அறை அமைந்துள்ள நிலத்தையும் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழையால் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அறைக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டப்பட்ட மண் மேடு இருந்தால், சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு இருந்தால், சேற்று நிற நீர் திடீரெனக் கசிந்தால் அவ்விடம் வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால், சம்பளம் போகுமே எனத் தயங்காமல் வெளியேறுங்கள். உயிரும் அல்லாஹ் தந்த அமானிதமே.

அன்புக்குரியவர்களே, நான்காவது பாடமே யாவற்றிலும் முக்கியமானது. மூஸா (அலை) அவர்கள் இரு தவணைகளில் நீண்டதையே நிறைவு செய்ததாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அத்தவணை முடிந்ததும் அவர்கள் குடும்பத்துடன் புறப்பட்டார்கள். அப்பயணத்திலேதான் தூர் மலைப் பக்கமாக நெருப்பொன்றைக் கண்டார்கள். அங்கேதான் அல்லாஹ்வின் அழைப்பு அவர்களுக்குக் கிடைத்தது. மத்யனில் அவர்களுக்கு வீடு இருந்தது, குடும்பம் இருந்தது, பழகிய வேலை இருந்தது. ஆயினும் தவணை குறிக்கப்பட்ட வேலை தவணையோடு முடிந்தது. அதற்கப்பால் அதனைவிடப் பெரிய பணி அவர்களுக்காகக் காத்திருந்தது.

உங்கள் வேலைக்கும் ஒரு தவணை வேண்டும். மூன்று மாதம் எனப் புறக்கோட்டைக்குச் சென்ற பிள்ளை மூன்று வருடமாகியும் திரும்பாததை நமது ஊர்களில் காண்கிறோம். முதல் சம்பளம் கையில் விழுகிறது. தொலைபேசி ஒன்று வாங்கப்படுகிறது. வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பப்படுகிறது. வீட்டாரும் அதற்குப் பழகிவிடுகின்றனர். பெறுபேறு வரும் நாளில் கடையில் விடுமுறை கிடைப்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும் சில வாரங்கள் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகின்றன. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்கான அறிவித்தல்கள் வருவதும் தெரிவதில்லை, முடிவதும் தெரிவதில்லை. படிப்பைத் தாங்க வந்த வேலை படிப்பையே விழுங்கிவிடுகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறை பின்பற்றப்பட்டு வந்துள்ளது. அவ்வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் நுவரெலியாவும் ஒன்று. நமக்கெனத் திறந்து வைக்கப்பட்ட கதவினுள் நுழைய வேண்டிய பிள்ளை, அந்நாளில் எங்கோ ஒரு கல்லாப்பெட்டியின் அருகே நின்றுகொண்டிருந்தால், அந்த நஷ்டம் அப்பிள்ளைக்கு மாத்திரமன்று, முழுச் சமூகத்துக்குமே உரியது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை (1838–1898) அவர்கள் தமது வாழ்நாளையே முஸ்லிம்களின் கல்விக்காகச் செலவிட்டது, நமது பிள்ளைகள் கடையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே.

எனவே வேலையில் சேரும் நாளிலேயே விலகும் நாளையும் குறித்துவிடுங்கள். முதலாளியிடமும் அதனைச் சொல்லி வையுங்கள். பெறுபேறும் விண்ணப்பத் திகதியும் வந்தவுடன் உங்களுக்கு அறிவிக்கும் பொறுப்பை வீட்டிலோ பாடசாலையிலோ ஒருவரிடம் ஒப்படையுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை, அனுமதிக் கடிதம் வரும் நாளின் செலவுக்கென வங்கியில் வையுங்கள். பெற்றார்களே, பிள்ளை அனுப்பும் பணத்தில் வீட்டுச் செலவை முழுமையாகச் சாய்த்துவிடாதீர்கள். பிள்ளை தவணையோடு திரும்பி வருவது பெரும்பாலும் உங்கள் பொறுமையிலேயே தங்கியுள்ளது.

வர்த்தகப் பெருமக்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறியதாக ஹதீஸ் குத்ஸியில் வந்துள்ளது. அதே வேளை, குகையில் அடைபட்ட மூவரில் ஒருவர், கூலியை வாங்காது சென்ற தொழிலாளியின் கூலியை வளர்த்துப் பெருக்கி, அவர் திரும்பி வந்தபோது அனைத்தையும் ஒப்படைத்த அமலை முன்வைத்துப் பிரார்த்தித்தார், பாறை விலகியது. இவ்விரு வழிகளில் எதில் செல்வது என்பது உங்கள் கையில் உள்ளது. படிக்கும் பிள்ளை விண்ணப்பத்துக்காக ஒரு நாள் விடுமுறை கேட்டால், மத்யனின் பெரியவர் சிரமப்படுத்த விரும்பவில்லை எனக் கூறியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகிகளே, நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஸுஃப்பா எனும் திண்ணை இருந்தது. வீடற்ற தோழர்கள் அங்கே தங்கிக் கல்வி கற்றனர். அபூஹுரைரா (ரழி) அவர்களும் அத்திண்ணைவாசிகளில் ஒருவரே. நமது நகரப் பள்ளிவாசல்களில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் அறையைப் பருவகாலத்தில் மாத்திரமாவது, அடையாளம் உறுதிப்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு ஒழுங்கு விதிகளுடன் திறந்துவிட முடியாதா? ஊரில் நம்பிக்கையான குடும்பங்கள் வாடகைக்கு விடும் அறைகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்க முடியாதா? பெரும் நிதி இதற்குத் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு பொறுப்பாளரும் போதும். அத்தகையதோர் அறை இருந்திருந்தால், நான் மேலே குறிப்பிட்ட இளைஞர் முதலாளியின் படுக்கைக்குக் கூலி இழந்திருக்க மாட்டார்.

யா அல்லாஹ்! தேவையுடையவராய் நிழலில் ஒதுங்கி நின்ற மூஸா (அலை) அவர்களுக்கு நீ வழிகாட்டியது போன்று, பரீட்சை முடித்துப் பாதை தேடி நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் வழிகாட்டுவாயாக! ஹலாலான உழைப்பையும் அச்சமற்ற இருப்பிடத்தையும் அவர்களுக்குத் தருவாயாக! குறித்த தவணையில் கல்வியின் வாசலுக்கு அவர்களைத் திருப்பி அழைத்து வருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.